முரகாரயா போட்ட பூட்டு

வரக்காப்பொலைக்கு மேலே, மலைச்சரிவில் ஒரு ரப்பர் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துக் கணினி நிலையத்தில், 2008ஆம் ஆண்டு சித்திரை மாதத்து மாலை ஒன்றில் இடி விழுந்தது. விழுவதற்கு வேறு இடமா இல்லை? சுற்றிலும் அத்தனை மரங்கள் நின்றன. இடிக்கு என்ன கோபமோ, மின்கம்பி வழியாக நேரே உள்ளே வந்து, விண்டோஸ் ஓடிய ஒரே கணினியாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது.

மற்றக் கணினிகள் பிழைத்தன. அவை கொழும்பிலிருந்து யாரோ நல்ல மனிதர்கள் அனுப்பியவை. அவற்றில் ஓடியது லினக்ஸ்.

"அதனால என்னா? அதுவும் கம்ப்யூட்டர்தானே?" என்று கேட்டாள் கேஷானியின் அம்மா புஷ்பம்.

"கம்ப்யூட்டர்தாம்மா. ஆனா நாங்க கேம் செய்ற சாப்ட்வேர் விண்டோசுக்குன்னே செஞ்சது. லினக்ஸ்ல போட்டா மூஞ்சியத் திருப்பிக்கும்."

"அப்ப உங்க கேம்?"

கேஷானி உதட்டைப் பிதுக்கினாள். அவள் ஏழாம் வகுப்பு. அவளும், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளும் மாதக்கணக்காக ஒரு கேம் செய்து வந்தார்கள். அதன் பெயர் 'மழைக்கு முன்னே'. திரையில் ரப்பர் மரங்கள் நிற்கும். மரத்துக்கு மரம் சிரட்டை, சிரட்டையில் பால். ஓர் அம்மா வாளியோடு ஓடி ஓடி அந்தப் பாலைச் சேர்க்க வேண்டும். மேகம் துரத்திக்கொண்டே வரும். மழைத் தண்ணீர் சிரட்டையில் விழுந்தால் பால் பாழ்.

நிஜத்திலும் அப்படித்தான். மழை முந்திக்கொண்டால், தோட்டத்தில் பால் வெட்டும் புஷ்பத்துக்கு அன்று அரைப் பேர்தான் விழும். அரைப் பேர் என்றால் பாதி நாள் சம்பளம்.

மரங்களை வரைந்தவன் சுதாகரன். அம்மாவை வரைந்தவள் நிரோஷா. இடிச்சத்தம் மட்டும் எட்டு வயது துஷாந்தனுடையது. அவன் மைக்கின் முன்னால் நின்று, "கட கட கட... டமார்!" என்று கத்தி, எச்சில் தெறிக்கப் பதிவு செய்திருந்தான்.

அடுத்த மாதம் கேகாலையில் மாகாணக் கணினிக் கண்காட்சி. இந்தத் தோட்டத்துக்கு முதன்முதலாக ஒரு மேசை கொடுத்திருந்தார்கள். கேமின் பிரதி ஒன்று பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. ஆனால் அதைத் திறக்க வேண்டுமே! பூட்டிய வீட்டுக்குள் சோறு இருந்து என்ன பயன்?

"காட்ட ஒண்ணும் இல்லாட்டி மேசைய வேற யாருக்காவது குடுத்துருவாங்க மகள்," என்றார் கணினி நிலையப் பொறுப்பாளர் ஸபியா மிஸ். "எனக்கும் இந்த லினக்ஸ் புதுசு. நீங்களே தேடிப் பாருங்க."

கேஷானி தேடினாள். இணையத்தில் ஒரு வழி கிடைத்தது. விண்டோஸ் மென்பொருளுக்கும் லினக்சுக்கும் நடுவில் நின்று, அது சொல்வதை இதற்கும் இது சொல்வதை அதற்கும் எடுத்துச் சொல்லும் ஒரு மென்பொருள் இருந்தது. அதன் பெயர் வைன்.

"இது என் வேலை மாதிரியே இருக்கே!" என்று சிரித்தாள் கேஷானி. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் அவள்தான் நடுவில் நிற்பாள். டாக்டர் சிங்களத்தில் கேட்பார், அம்மா தமிழில் சொல்வாள்.

"வேலை சரி. வைன் போட்டேன்னு மட்டும் வீட்டுல போய் சொல்லிறாத," என்றான் சுதாகரன். "விளக்குமாத்தத் தூக்கிருவாங்க."

வைனைப் போட்டார்கள். கேம் செய்யும் மென்பொருளை இணையத்திலிருந்து மறுபடி இறக்க, அது அழகாகத் திறந்தது. மரங்கள் வந்தன. அம்மா வாளியோடு வந்தாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். கேஷானி 'விளையாடு' என்ற பொத்தானை அழுத்தினாள்.

பட்டென்று எல்லாம் மறைந்தது.

மறுபடி திறந்தாள், மறுபடி மறைந்தது. அன்று முழுக்க இதே கதைதான். கடைசியில் துஷாந்தன், "அது மழைக்குப் பயந்து ஓடுதுக்கா," என்று முடிவு சொன்னான்.

இலங்கையில் கேம் செய்கிறவர்கள் கூடிப் பேசும் இணைய மன்றம் ஒன்று இருந்தது. அங்கே எல்லோரும் சிங்களத்தை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். கேஷானிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தன் பெயரைப் பதிந்து, நடந்ததை எழுதி, உதவி கேட்டாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் ஓடி வந்து பார்த்தால், பதில்கள் பக்கம் பக்கமாக இருந்தன!

"பாத்தியா, எவ்ளோ நல்லவங்க!" என்றாள் நிரோஷா.

கேஷானி வாசிக்க வாசிக்க அவள் முகம் தொங்கிப் போயிற்று. மன்றத்தில் 'ஜனேல் ராஜா' என்று ஒருவர் இருந்தார். ஜனேல் என்றால் சிங்களத்தில் ஜன்னல். பேரைப் பார்த்தாலே தெரியும், அவர் விண்டோஸ் கட்சி. "அந்த லினக்சைத் தூக்கி வீசு. அதில் கேம் செய்வது சல்லடையில் தண்ணீர் அள்ளுவது," என்று ஆரம்பித்திருந்தார் அவர். உடனே 'பெங்குவின் மல்லி' என்று இன்னொருவர் பாய்ந்து வந்தார். மல்லி என்றால் தம்பி, பெங்குவின் லினக்சின் சின்னம், ஆகவே அவர் லினக்ஸ் கட்சி. "லினக்சில் குறை இல்லை. விண்டோசுக்கு மட்டும் மென்பொருள் செய்தானே, அவனைக் கேள்," என்றார் அவர். அதன்பிறகு இவருக்கு நாலு பேர், அவருக்கு நாலு பேர். கேஷானி என்று ஒருத்தி கேள்வி கேட்டதே எல்லோருக்கும் மறந்துவிட்டது.

"தயவு செய்து என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்," என்று அவள் மறுபடி எழுதினாள். யாரும் கவனிக்கவில்லை.

சுதாகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஒத்தையா கேட்டா யாரு மதிப்பா? தோட்டத்துல நாங்க என்னா செய்வோம்?"

என்ன செய்வார்கள் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வீட்டுக் கூரை ஒழுகினால் அந்த வீட்டுக்காரர் மட்டும் போய்க் கேட்க மாட்டார். லயமே திரண்டு ஆபீஸ் வாசலில் போய் நிற்கும். யாரும் கத்த வேண்டியதில்லை. கூட்டத்தைப் பார்த்ததும் கிளாக்கர் தானாக எழுந்து வருவார்.

"அதையே இங்கயும் செய்வோம்," என்றான் சுதாகரன்.

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கேஷானிக்கும்தான். ஒவ்வொருவராக உட்கார்ந்து மன்றத்தில் பெயர் பதிந்தார்கள். பதிந்த ஒவ்வொருவரும், "கேஷானிக்கு உதவி செய்யுங்கள். நாங்களும் கேட்கிறோம்," என்று எழுதினார்கள். துஷாந்தனுக்கு எழுத்துக்கூட்டி எழுதவே நேரம் போதவில்லை. அவன் வெறுமனே தன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, ஏதோ பெரிய வேலை முடித்தவன் போல எழுந்தான்.

கிளாக்கர் எழுந்து வந்தார் என்று சொல்ல ஆசைதான். வந்தது வேறு ஆள்.

மன்றத்துக்கு ஒரு காவலர் இருந்தார். அவருடைய பெயரும் 'முரகாரயா'. சிங்களத்தில் அதற்குக் காவல்காரன் என்றே பொருள். மறுநாள் கேஷானியின் கேள்விக்குக் கீழே அவர் எழுதியிருந்தார்:

"ஒரே ஆள் பல முகமூடிகள் போட்டுக்கொண்டு வந்து இங்கே கூட்டம் காட்டுகிறார். இந்தப் பெயர்கள் எல்லாம் பொய். இந்தப் பேச்சு பூட்டப்படுகிறது. அந்த முகவரியிலிருந்து இனி யாரும் எழுத முடியாது."

கணினி நிலையத்துக்கு இருந்தது ஒரே இணைய இணைப்பு. அங்கிருந்து யார் எழுதினாலும், மன்றத்தில் பார்க்கிறவருக்கு ஒரே முகவரிதான் தெரியும். தோட்டத்தில் பலமாக இருந்த பழக்கம் இங்கே பாதகமாகிவிட்டது.

"நான் பொய்யா?" என்று கத்தினான் சுதாகரன். தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டான். "எனக்கு வலிக்குதே!"

"முரகாரயா எப்படி இருப்பாரு?" என்று துஷாந்தன் மெல்லக் கேட்டான்.

"இந்தா இவ்ளோ தண்டி மீசை இருக்கும். கையில பொல்லுத்தடி இருக்கும். கண்ணு செவப்பா இருக்கும்," என்றான் சுதாகரன்.

துஷாந்தன் கேஷானியின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சுதாகரனிடம் இன்னொரு யோசனையும் இருந்தது. அவனிடம் யோசனைக்கு மட்டும் பஞ்சமே வராது. "வரக்காப்பொல டவுன்ல பாறூக் நானாவோட நெட் கடை இருக்குல்ல? அங்க முகவரி வேற. புதுப் பேருல போய், அந்த ஆளை நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டுட்டு வருவோம்."

"புதுப் பேருலயா?"

"ஆமா. ஏதாவது பெரிய ஆளு பேரு மாதிரி."

கேஷானி தலையை ஆட்டினாள். "இப்ப வரைக்கும் நாங்க முகமூடி போடல. அங்க போனா நெசமாவே போட்டவங்களா ஆயிருவோம். அது வேணாம் சுதா."

அவன் முறைத்தான். பிறகு பந்தை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

எழுதத்தான் தடை, வாசிக்கத் தடையில்லை. மற்றவர்கள் விளையாடப் போன பிறகு, கேஷானி அந்தச் சண்டையை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு ஏச்சும் அவளுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை.

அவளுக்குச் சண்டை புதிதில்லை. லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது தினம் ஒரு சண்டை நடக்கும். பீலிச் சண்டையில் ஒரு விசேஷம் உண்டு. சாதாரணமாகக் கேட்டால் யாரும் வாயைத் திறக்காத விஷயமெல்லாம், கோபத்தில் பொலபொலவென்று வெளியே கொட்டிவிடும். ஏச்சை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டால் மிச்சம் இருப்பது நல்ல தகவலாக இருக்கும்.

பெங்குவின் மல்லி ஓரிடத்தில் சீறியிருந்தார்: "கறுப்புத் திரையில் கட்டளை எழுதித் திறந்து பார்த்தால், எந்தக் கோப்பு இல்லை என்று அதுவே அழுது சொல்லும். அதைப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாதவர்களுக்கு லினக்ஸ் எதற்கு?"

கேஷானி ஏச்சைத் தள்ளினாள். கறுப்புத் திரையை எடுத்துக்கொண்டாள்.

பல ஏச்சுகளுக்கு அப்பால் ஜனேல் ராஜா முழங்கியிருந்தார்: "இப்படி விழுவதெல்லாம் சத்தத்துக்கான கோப்பு இல்லாமல்தான். எங்கள் விண்டோஸ் சீடியில் அது சும்மா கிடக்கிறது. உங்கள் லினக்சில் இருக்கிறதா? சொல்லுங்கள் பார்க்கலாம்!"

கேஷானி முழக்கத்தைத் தள்ளினாள். சீடியை எடுத்துக்கொண்டாள்.

"மிஸ்!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஸபியா மிஸ் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைச் சேலையில் ஊற்றிக்கொண்டார். "செத்துப்போன கம்ப்யூட்டரோட விண்டோஸ் சீடி எங்க மிஸ்?"

சீடி அலுமாரியில் இருந்தது. கறுப்புத் திரையில் கட்டளை எழுதித் திறந்தாள். கேம் வழக்கம்போல விழுந்தது. ஆனால் விழும்போது ஒரு கோப்பின் பெயரைச் சொல்லிவிட்டு விழுந்தது. அதே பெயர் சீடியிலும் இருந்தது. எடுத்துக் கேமுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மறுபடியும் விழுந்தது.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். சத்தத்தைத் தேடுவது யார்? கேமா, கேம் செய்யும் மென்பொருளா? மென்பொருள்தான். அப்படியென்றால் அதன் வீட்டில் அல்லவா வைக்க வேண்டும்? கோப்பை எடுத்து மென்பொருள் இருக்கும் இடத்தில் வைத்தாள். 'விளையாடு' பொத்தானை அழுத்தினாள்.

"கட கட கட... டமார்!"

வெளியே விளையாடிக்கொண்டிருந்த துஷாந்தன் தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து உள்ளே ஓடி வந்தான். அவன் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். திரையில் அம்மா வாளியோடு ஓடிக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் குதித்தார்கள். ஸபியா மிஸ் கூட ஈரச் சேலையோடு குதித்தார்.

"அவ்ளோதான், இனி அந்த மன்றத்துப் பக்கமே போகத் தேவையில்ல," என்றான் சுதாகரன்.

"தேவை இருக்கு," என்றாள் கேஷானி. "எங்க மாதிரியே வேற யாராவது மாட்டிக்கிட்டு இருப்பாங்க. அவங்களும் அந்தச் சண்டைய முழுசா வாசிக்கணுமா?"

மன்றத்தின் அடியில் முரகாரயாவின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. அன்றே அவள் எழுதினாள்.

"முரகாரயா அவர்களுக்கு, நான் கேஷானி. நாங்கள் ஒரே ஆள் இல்லை. ஒரே கணினி நிலையத்தைப் பாவிக்கும் பல பிள்ளைகள். எங்கள் தோட்டத்தில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் எல்லோரும் போய் நிற்போம். உங்கள் இடத்தில் அது தப்பு என்று தெரியாது, மன்னியுங்கள். எங்கள் பிரச்சினை தீர்ந்துவிட்டது, கேகாலைக் கண்காட்சியில் எங்கள் கேமைக் காட்டப் போகிறோம். தீர்வு உங்கள் மன்றத்திலேயே இருந்தது. பாதியைப் பெங்குவின் மல்லி சொன்னார், மீதியை ஜனேல் ராஜா சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். எங்களைத் திறக்காவிட்டாலும் இதை மன்றத்தில் போட்டுவிடுங்கள். இருவருக்கும் எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்."

பதில் சுருக்கமாக வந்தது. "பேச்சின் பூட்டைத் திறந்து தீர்வைப் போட்டுவிட்டேன். கேஷானி என்ற பெயரை மட்டும் திறந்திருக்கிறேன். மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை."

மன்றத்தில் ஒரு சின்ன அதிசயம் நடந்தது. "நான் சொன்னது பாதிதானா?" என்று ஜனேல் ராஜா எழுதினார். "என் பாதிதான் பெரிய பாதி," என்றார் பெங்குவின் மல்லி. சண்டை அத்தோடு முடியவில்லை. ஆனால் இந்த முறை இருவரும் சிரித்துக்கொண்டே சண்டை போட்டார்கள். மாத்தறையிலிருந்து யாரோ ஒருவர், கேஷானி சொன்னபடி செய்ததும் தன் கேமும் ஓடுகிறது என்று எழுதியிருந்தார்.

சுதாகரனுக்கு மட்டும் ஆறவில்லை. "நீ மட்டும் இருக்க. நாங்க இல்ல. அப்படித்தானே?"

கேஷானிக்கு அது முள்ளாகக் குத்தியது. மன்றத்தில் பேச்சு சூடாக நடந்தாலும், அதன்பிறகு அவள் ஒரு வரியும் எழுதவில்லை. மற்றவர்கள் வெளியே நிற்கும்போது தான் மட்டும் உள்ளே போக அவளுக்கு மனம் வரவில்லை.

கண்காட்சி நாள் வந்தது. தோட்டத்து லொறியில் ஏறி எல்லோரும் கேகாலைக்குப் போனார்கள். ஒருவர் வந்தால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அதையெல்லாம் யார் கேட்டார்கள்?

'மழைக்கு முன்னே' இருந்த மேசையில் கூட்டம் நெருக்கியது. டவுன் பிள்ளைகள் ஒவ்வொருவராக உட்கார்ந்து மழையிடம் தோற்றார்கள். "இது ரொம்பக் கஷ்டம்!" என்று ஒரு பையன் சிங்களத்தில் முறையிட்டான். "எங்க அம்மா தினமும் செய்றாங்க," என்று நிரோஷா அவனுக்குச் சிங்களத்திலேயே சொன்னாள். அவன் வாயை மூடிக்கொண்டு இன்னொரு தடவை விளையாடினான்.

அப்போது இரட்டைப் பின்னலும் கண்ணாடியுமாக ஒரு அக்கா வந்து நின்றாள். வெள்ளைச் சீருடையில் எம்பிலிப்பிட்டிய பாடசாலை ஒன்றின் சின்னம் இருந்தது. பதினான்கு வயது இருக்கலாம்.

"இங்கே கேஷானி யார்?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"நான்தான் அக்கே." சிங்களத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்த அக்கா தயங்கினாள். "என் பேர் ஹிருணி. மன்றத்தில்... முரகாரயா."

சுதாகரன் அவளுடைய மூக்குக்குக் கீழே உற்றுப் பார்த்தான். மீசை இல்லை. கையில் பொல்லும் இல்லை, பாதி கடித்த பனிஸ் ஒன்றுதான் இருந்தது. அவன் பல நாளாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன.

"மன்றத்தில் நிறையப் பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்," என்றாள் ஹிருணி. "சின்னப் பெண் என்று தெரிந்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர். உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து, நான் செய்தது சரியா என்று தெரியாமல் இருக்கிறது. அந்த மற்றவர்கள்..."

கேஷானி திரும்பிக் கூப்பிட்டாள். "எல்லாரும் இங்க வாங்க!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். எண்ணெய் வைத்து வாரிய தலைகளோடு மேசைக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். நிரோஷா தன் பெயரைச் சொன்னாள். சுதாகரன் சொன்னான். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஹிருணியின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. கடைசியில் துஷாந்தன் கேஷானியின் பாவாடையைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான். பொல்லு இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு முன்னால் வந்தான்.

"துஷாந்தன். இடி நான்தான்."

ஹிருணிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "என்னை மன்னித்துவிடுங்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் எல்லோருடைய பெயரையும் திறந்துவிடுகிறேன். ஐயோ, எல்லாருமே இருக்கிறீர்களே!"

சுதாகரன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இருக்கோம் அக்கே," என்று சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்து விளையாட நாற்காலியை இழுத்துப் போட்டான்.